பின்னறைக்கு வந்த தண்ணீர்

அத்தியாயம் 14

"நீ அங்க போகாத, பெனிதா. போனா வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க மாட்ட" என்றான் எலோய். முட்டையும் பச்சை மிளகாயும் வைத்துச் சுருட்டிய ரொட்டி அவன் கையிலேயே ஆறிக்கொண்டிருந்தது.

"நான் எதுக்குப் பேசப்போறேன்? ஊர்ல இருக்கிறவங்களுக்கெல்லாம் இன்னிக்கு வீட்டைத் திறந்து காட்டுறாங்க. நானும் ஊர்லதானே இருக்கேன்?"

"கோரினாவைப் பாத்ததும் உன் மூஞ்சி மாறிடும்."

"என் மூஞ்சி எப்பவும் இதேதான். நீதான் சரியாப் பாக்கல."

எலோய் ரொட்டியைப் பார்த்துக் குனிந்துகொண்டான். எந்த இடத்தில் வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்பதை இருபத்தாறு வருஷ இல்வாழ்க்கையில் அவன் பழகியிருந்தான். அம்மா விஷயத்தில் அந்தப் பழக்கம் அவனுக்குப் பிறவியிலேயே வந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டில் மாமியார் செனாய்தா போட்ட குண்டின் புகை இன்னும் பெனிதாவின் வயிற்றுக்குள் அடங்கவில்லை. குடும்பமே உட்கார்ந்து சிவப்பு மிளகாய்ச் சாறு ஊற்றிய என்சிலாடாவைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, மாமியார் நிதானமாக உதட்டைத் துடைத்துக்கொண்டு, "இந்த வீட்டை விக்கப்போறேன். மேட்டுத்தெருவுல ஒரு அபார்ட்மெண்ட் பாத்து வச்சிருக்கேன். கோரினா வித்துக் குடுப்பா" என்றாள்.

கோரினா. சின்ன மருமகள். பெனிதாவின் ஓரகத்தி.

அல்புகர்க்கி நகரில் பத்தொன்பது வருஷமாக வீடு வாங்கி விற்றுக்கொடுக்கிற ஏஜென்ட் யார்? பெனிதா. ஆற்றங்கரைப் பக்கத்து மண்சுவர் வீடுகளில் எது நிற்கும், எது கரையும் என்று சுவரைத் தட்டிப் பார்த்தே சொல்லக்கூடியவள் யார்? பெனிதா. பரீட்சைக்குப் படிக்கத் தெரியாமல் கோரினா விழித்தபோது பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்து, லைசென்ஸ் வாங்க வைத்து, பேங்க் ஆட்களிடம் "இவ எங்க வீட்டுப் பொண்ணு" என்று கைகாட்டி விட்டது யார்?

அதுவும் பெனிதாதான். தன் கண்ணைத் தானே குத்திக்கொண்டதுதான் மிச்சம்.

இரண்டே வருஷத்தில் கோரினாவின் முகம் விளம்பரமாகப் பஸ் நிறுத்தப் பெஞ்சுகளில் எல்லாம் வந்துவிட்டது. வெள்ளைப் பல்வரிசை, தோளில் புரளும் சுருள்முடி. பெனிதா எந்தச் சிக்னலில் நின்றாலும் ஓரகத்தி அவளைப் பார்த்துச் சிரித்தாள். அவள் மேல் ஒரு கிழவர் சாய்ந்து உட்கார்ந்திருந்தால் மட்டும் பெனிதாவுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

கையில் ஒரு தட்டு பிஸ்கோச்சிட்டோ எடுத்துக்கொண்டாள். சோம்பும் பட்டையும் போட்டு அவளே சுட்டவை. வெறுங்கையோடு போனால் வேவு பார்க்க வந்த மாதிரி இருக்கும். பலகாரத்தோடு போனால் உறவு.

"மறுபடியும் சொல்றேன்..." என்று ஆரம்பித்தான் எலோய்.

"ரொட்டியைத் தின்னு" என்று சொல்லிவிட்டுக் காரைக் கிளப்பினாள்.

*

மாமியார் வீட்டுத் தெருவில் கார் நிறுத்த இடமில்லை.

பெனிதா நாலு வீடு தள்ளி நிறுத்திவிட்டு நடந்தாள். கலிபோர்னியா நம்பர் பலகையோடு இரண்டு வண்டிகள், டெக்சாஸ் வண்டி ஒன்று. காட்டன்வுட் மரங்களிலிருந்து பஞ்சு பறந்து பறந்து வந்து அவள் தலையிலும் பலகாரத்தட்டின் மேலும் இறங்கியது. தான் திறந்து காட்டிய வீடுகளுக்கு இப்படிக் கூட்டம் வந்து எத்தனை காலம் ஆயிற்று என்று யோசித்தாள். நினைவு வரவில்லை. அதுவே கோபத்தைக் கூட்டியது.

வாசலுக்குள் காலை வைத்ததும் நின்றுவிட்டாள்.

இது அந்த வீடுதானா? சுவரை அடைத்துக்கொண்டிருந்த புனிதர்களின் படங்களைக் காணோம். மாமனார் மான் வேட்டையில் கொண்டுவந்த கொம்பு இல்லை. மாமியாரின் பூப்போட்ட சோபா இருந்த இடத்தில் வாடகைக்கு எடுத்த சாம்பல் நிற சோபா. மூலைக் கணப்பு வெள்ளையடிக்கப்பட்டு, புதுப்பெண் மாதிரி நின்றது. மேசை மேல் ஒரு கண்ணாடிக் கிண்ணம் நிறைய எலுமிச்சம்பழம். யாருக்கும் சர்பத் போடுவதற்கு இல்லை, சும்மா அழகுக்கு.

நன்றாகத்தான் இருந்தது. அதுதான் பெனிதாவால் தாங்க முடியவில்லை. எங்காவது ஒரு குறை கண்ணில் படாதா என்று தேடினாள். ஜன்னல் திரைகூடச் சரியான நீளத்தில் தொங்கியது.

"அக்கா! வந்துட்டீங்களா!" கூட்டத்துக்குள்ளிருந்து கோரினா வந்து கட்டிக்கொண்டாள். மஞ்சள் உடை, டர்க்காய்ஸ் நீலக்கல் தோடு. பெனிதா தோட்டையே பார்த்தாள். மாமியாருடைய தோடு அது.

"நல்லாருக்கு தோடு" என்றாள் பெனிதா.

"அத்தை குடுத்தாங்க. 'நல்ல நாள் பாத்துப் போட்டுக்க மிஹா'ன்னு சொன்னாங்க."

மிஹா. என் மகளே. இந்த ஊரில் காய்கறிக் கடைக்காரி கூட வாங்க வருகிறவளை அப்படித்தான் கூப்பிடுவாள். காசு கொடுக்காமல் கிடைக்கிற சொல். ஆனால் இருபத்தாறு வருஷத்தில் ஒரு தடவையாவது மாமியார் பெனிதாவை அப்படிக் கூப்பிட்டதில்லை. மாமனார் படுக்கையில் கிடந்த மூன்று குளிர்காலமும் சூப் ஊற்றிக் கொடுத்தவள் மாமியாருக்கு எப்போதும் 'பெனிதா'தான். "பெனிதா, துண்டை எடு. பெனிதா, கதவைச் சாத்து."

"அத்தை எங்க?"

"நான்தான் அனுப்பி வச்சேன். வீட்டுக்காரங்க வீட்ல இருந்தா வர்றவங்க மனசு விட்டுப் பாக்க மாட்டாங்க இல்லையா? நீங்கதானே சொல்லிக்குடுத்தீங்க!" கோரினா தட்டை வாங்கிக்கொண்டாள். "அய்யோ, பிஸ்கோச்சிட்டோவா! அக்கா, இதை அடுக்களையில வச்சிடறேன். இங்க வச்சா எலுமிச்சையோட சேராது."

பலகாரம் எலுமிச்சையோடு சேராதாம். பெனிதா சிரித்தாள். எலோய் சொன்ன மாதிரி மூஞ்சி மாறிவிட்டதா என்று பார்க்க அங்கே கண்ணாடி இல்லை. நல்லவேளை.

*

பின்னறையில் ஒரு இளம் ஜோடி நின்றுகொண்டிருந்தது.

பெண்ணுக்கு ஏழு மாத வயிறு. டெஸ்ஸா என்று பெயர். பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸாகப் புதிதாகச் சேர்ந்தவள். அவள் புருஷன் வெஸ்லி பள்ளிக்கூடத்தில் வாத்தியம் சொல்லிக்கொடுக்கிறவன். இதெல்லாம் பெனிதாவுக்கு அடுத்த அறையில் நின்றபடியே தெரிந்துவிட்டது. ஆசை வந்தவர்கள் உரக்கத்தான் பேசுவார்கள்.

"தொட்டில் இந்தப் பக்கம். ஜன்னலைத் திறந்தா வாய்க்கால் சத்தம் கேக்கும், பாரேன்" என்றாள் டெஸ்ஸா.

"பேரம் எல்லாம் வேண்டாம். கேக்கிற விலையைக் குடுத்துடலாம். சாயங்காலமே ஆஃபர் எழுதிடலாம்" என்றான் வெஸ்லி.

கேட்கிற விலை. முதல் நாளே. கோரினா திங்கட்கிழமை ஆபீசில் இதைச் சொல்லும் அழகைப் பெனிதா அப்போதே பார்த்துவிட்டாள். மாமியார் அவள் கன்னத்தைத் தட்டிக்கொடுப்பதையும் பார்த்தாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டில் அந்தப் பேச்சு ஓட, தான் பாத்திரம் எடுத்துவைத்துக்கொண்டிருப்பதையும் பார்த்தாள்.

டெஸ்ஸா திரும்பினாள். "நீங்க இந்தப் பக்கத்து ஆளா? வீடு உங்களுக்குத் தெரியுமா?"

'தெரியாது' என்று சொல்லிவிட்டு வெளியே போயிருக்கலாம். 'கோரினாவைக் கேளுங்க' என்றிருக்கலாம்.

"தெரியுமாவா? நல்லாத் தெரியும். ஒன்பது வருஷத்துக்கு முன்னால இந்த அறையில முழங்கால் தண்ணியில நான் நின்னுருக்கேன்" என்றாள் பெனிதா.

இருவர் முகமும் அப்படியே நின்றது.

"வாய்க்கால் கரையில எலி வளை தோண்டிடுச்சு. சித்திரை வெயில்ல மலைப் பனி உருகித் தண்ணி முழு வேகத்துல வர்ற நேரம். கரை உடைஞ்சு நேரா இங்கதான் பாஞ்சுது. தரையைப் பேத்து எடுத்தோம். அடுத்த வருஷம் மறுபடியும் வந்தது, கொஞ்சம் கம்மியா." குரலை அவள் உயர்த்தவே இல்லை, வெந்நீர் கேட்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னாள். "சுடாத மண் செங்கல் பாருங்க. ஈரம் குடிச்சா விடாது. மேல சிமெண்ட் பூசிட்டாங்க, அதனால உள்ள ஈரம் வெளிய வர வழியில்ல. ஆடியில மழை வந்தப்புறம் அந்த மூலையில கையை வச்சுப் பாருங்க. சில்லுனு இருக்கும்."

டெஸ்ஸா வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டாள். "எங்ககிட்ட யாரும் இதைச் சொல்லலையே."

"சொல்ல மாட்டாங்க. வெள்ளையடிச்சிருக்காங்க இல்ல?"

வெஸ்லி மனைவியின் தோளைப் பிடித்து அழைத்துக்கொண்டு போனான். தொட்டில், ஜன்னல், வாய்க்கால் சத்தம் எல்லாம் அவர்கள் பின்னாலேயே அறையை விட்டுப் போயின.

பெனிதாவுக்கு உள்ளே ஏதோ தித்தித்தது. வெகுநாள் கழித்து வயிறு குளிர்ந்தது. அந்தத் தித்திப்பு அவள் முற்றத்தைக் கடந்து வாசலுக்கு வரும்வரை நீடித்தது. அங்கே டெஸ்ஸா காருக்குள் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். வாய்க்குள் என்னவோ புளித்துப்போய், பெனிதா பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.

*

கூட்டம் கலைந்தபிறகு, பெனிதா காரை எடுக்குமுன் கோரினா ஓடி வந்து கதவைப் பிடித்தாள். செருப்பில்லாத கால். சிரிப்பில்லாத முகம். பெஞ்சுகளில் பார்த்துப் பார்த்துப் பழகிய பெனிதாவுக்கு அந்த முகம் யாரோ அந்நியப் பெண்ணுடையது போலிருந்தது.

"அவங்ககிட்ட என்ன சொன்னீங்க?"

"எவங்ககிட்ட?"

"அக்கா, விளையாடாதீங்க. கேக்கிற விலையைக் குடுக்கறேன்னு நின்ன பார்ட்டி. இப்ப போன் பண்ணி, 'தண்ணி வந்த வீட்டை மறைச்சு விக்கறீங்களே, உங்களுக்கு மனசாட்சி இருக்கா'ன்னு கேக்கறாங்க. பழுப்புச் சட்டை போட்ட அம்மா சொன்னாங்களாம்." கோரினா பெனிதாவின் சட்டையைப் பார்த்தாள். "பழுப்புச் சட்டை."

"வந்த தண்ணியைத்தான் வந்துச்சுன்னு சொன்னேன்."

"எந்தத் தண்ணி? நான் அத்தைகிட்ட கேட்டேன். மூணு தடவை கேட்டேன். கூரை ஒழுகுமா, தண்ணி வருமா, சுவர் வெடிப்பு விட்டுச்சான்னு. ஒரு சொட்டு கூட வந்ததில்லைன்னு மாதா படத்தைக் காட்டிச் சொன்னாங்க."

பெனிதா காரை விட்டு இறங்கினாள்.

மாதா படத்தைக் காட்டிச் சொன்னாளா?

அப்போதுதான் அது அவளுக்குப் புலப்பட்டது. இந்தத் தொழிலில் முதல் பாடமே அதுதான்: வீட்டில் இருக்கும் கோளாறு தெரிந்தால் வாங்குகிறவரிடம் சொல்லியாகவேண்டும், தெரிந்தே மறைத்த ஏஜென்டுக்கு லைசென்ஸ் போய்விடும். பெனிதாவுக்குத் தண்ணீர் தெரியும். வாளி வாளியாக இறைத்த தோளுக்குத் தெரியும். கோரினா இந்தக் குடும்பத்துக்கு வந்தே நாலு வருஷம்தான் ஆகிறது. அவளுக்கு என்ன தெரியும்?

மாமியார் கோரினாவைத் தேர்ந்தெடுத்தது திறமைக்காக இல்லை. முகத்துக்காக இல்லை. பாசத்துக்காகவும் இல்லை.

தெரியாதவள் என்பதற்காக.

ஆறு நாளாகத் தூக்கம் கெட்டு, பலகாரம் சுட்டு, பஸ் பெஞ்சைப் பார்த்துப் பல்லைக் கடித்து அவள் பொறாமைப்பட்டது ஒரு எலிப்பொறியைப் பார்த்து. பெனிதாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்திருக்கக் கூடாது.

"சிரிக்கறீங்க" என்றாள் கோரினா. கண் நிறைந்துவிட்டது. "நான் விழணும்னு நீங்க ரெண்டு வருஷமாக் காத்துக்கிட்டு இருந்தீங்க. எனக்குத் தெரியும். எல்லாருக்கும் தெரியும். உங்க கொழுந்தனார் கில்பர்ட் கூடச் சொல்லுவார், 'அண்ணி கண்ணு உம்மேலயே இருக்கு, பாத்து நடந்துக்க'ன்னு. நான்தான் இல்லை இல்லைன்னு உங்களுக்குப் பரிஞ்சு பேசுவேன். தண்ணியும் இல்ல, ஒண்ணும் இல்ல. இது வெறும் பொறாமை."

"பொறாமைதான்" என்றாள் பெனிதா.

கோரினா இதை எதிர்பார்க்கவில்லை.

"பொறாமைதான், கோரினா. வயிறெரிஞ்சுதான் சொன்னேன். உன் பேர் கெடணும்னுதான் சொன்னேன். ஆனா தண்ணியும் நெசம்."

"நான் நம்பமாட்டேன்."

"என்னை நம்பாத. உன் புருஷனுக்குப் போன் பண்ணு. அந்த வருஷம் அவனும்தான் எங்களோட வாளி பிடிச்சான். கேளு."

கோரினா போனை எடுத்தாள். ஒலிபெருக்கியைப் போட்டாள், பெனிதாவும் கேட்கட்டும் என்று. 'அண்ணி பொய் சொல்லுறாங்க' என்று கில்பர்ட் சொல்லுவதை அவள் காதால் கேட்கட்டும் என்று.

"கில்பர்ட், அம்மா வீட்டுப் பின்னறையில எப்பவாவது தண்ணி வந்துச்சா?"

அவன் வேலை செய்யும் பட்டறையில் இரும்பு விழும் சத்தம் மட்டும் கேட்டது.

"கில்பர்ட்?"

"யாரு சொன்னா?" என்றான் அவன்.

கோரினா போனை வைத்துவிட்டாள். வேறு ஒன்றும் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இருக்கவில்லை. தெருவின் நடுவே செருப்பில்லாமல் நின்றுகொண்டிருந்த அவளைப் பார்த்தபோது, பெனிதாவுக்கு இருபத்தாறு வருஷத்துக்கு முந்தைய ஒரு பெண் ஞாபகம் வந்தாள். அவளிடமும் இந்த வீட்டில் யாரும் எதையும் சொல்லாமலேதான் இருந்தார்கள்.

"உள்ள வா. காலு சுடும்" என்றாள்.

*

இருவரும் அடுக்களையில் உட்கார்ந்தார்கள். ஒதுக்கிவைக்கப்பட்ட பிஸ்கோச்சிட்டோ தட்டு நடுவில் இருந்தது, கூடத்திலிருந்து எடுத்துவந்த எலுமிச்சங்கிண்ணம் அதன் பக்கத்தில். கோரினா ஒன்றை எடுத்துக் கடித்தாள். அழுதுகொண்டே மென்றாள்.

"நல்லாருக்கு" என்றாள்.

"எலுமிச்சையோட சேராது."

கோரினாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்து புரையேறியது. பெனிதா தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள். குடித்துவிட்டு, மூக்கைத் துடைத்துக்கொண்டு, கோரினா மறுபடி போனை எடுத்தாள்.

"யாருக்கு?"

"அந்தப் பொண்ணுக்கு."

பெனிதா தடுக்கவில்லை. கோரினா எழுந்து நின்று பேசினாள். "டெஸ்ஸா, நான் கோரினா. நீங்க கேள்விப்பட்டது உண்மை. எனக்கு இப்பத்தான் தெரிஞ்சுது. ரெண்டு தடவை தண்ணி வந்திருக்கு... ஆமா, பின்னறை. யாரையாவது கூட்டிட்டு வந்து சுவரை உடைச்சுப் பாக்கச் சொல்லுங்க, செலவை நாங்க ஏத்துக்கறோம். பாத்துட்டு வேணும்னா வாங்குங்க, வேண்டாம்னா விட்டுடுங்க. தொட்டில் போடற அறை. நான் மறைக்க மாட்டேன்."

நேர்த்தியாகத்தான் சொன்னாள். பெனிதாவே சொல்லியிருந்தாலும் இவ்வளவு நன்றாகச் சொல்லியிருக்க முடியாது. அந்த எண்ணம் வந்ததும் பழைய பொறாமை மறுபடி எட்டிப் பார்த்தது. 'சீ' என்று அதை அதட்டினாள். அது அடங்கவில்லை.

"என்ன சொல்றாங்க?"

"புருஷன்கிட்ட பேசிட்டுத் திங்கக்கிழமை சொல்றாங்களாம்."

வெளியே ஒரு வண்டி வந்து நின்றது. கதவு சாத்தும் சத்தம். செனாய்தா உள்ளே வந்தாள்.

எழுபத்தொரு வயது. முடியைச் சுருட்டி விட்டிருந்தாள். உதட்டில் சாயம். பெனிதா அவளை உதட்டுச் சாயத்தோடு பார்த்தது மாமனாரின் அறுபதாம் பிறந்தநாளில்தான். அதற்குப் பிறகு இன்றைக்குத்தான்.

"வித்தாச்சா?" என்றாள் மாமியார், கைப்பையை மேசைமேல் வைத்தபடி. பிறகு பெனிதாவைப் பார்த்தாள். "நீ எங்க இங்க?"

"அத்தை, பின்னறையில தண்ணி வந்துச்சா?" என்று கேட்டாள் கோரினா.

செனாய்தா அவளைப் பார்க்கவில்லை. பெனிதாவை மட்டும் பார்த்தாள். நிதானமாக நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

"சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

"எனக்குத் தெரியும். நீ சொல்லுவ. அதுக்குத்தான் வீட்டை உங்கையில குடுக்கல. உங்கிட்ட குடுத்தா முதல் ஆள் வந்த உடனேயே, 'உள்ள வாங்க, இங்கதான் தண்ணி வந்துச்சு'ன்னு விளக்குப் பிடிச்சுக் காட்டியிருப்ப. உன்னால பொய் சொல்ல முடியாது. பெரிய தொல்லை உன்னோட."

திட்டா, பாராட்டா? மாமியார் வாயிலிருந்து தன்னைப் பற்றி வந்த முதல் நல்ல வார்த்தை 'பெரிய தொல்லை' என்பதுதானா?

"அப்ப என்னை?" கோரினாவின் குரல் உடைந்தது. "என்னை எதுக்குத் தேர்ந்தெடுத்தீங்க? நாளைக்கு அவங்க கேஸ் போட்டா என் பேர்தானே நாறும்? என் லைசென்ஸ்தானே போகும்? மிஹா மிஹான்னு கூப்பிட்டீங்களே!"

"உனக்குத் தெரியாதுல்ல. தெரியாதவளை என்ன பண்ண முடியும்?"

"அது அப்படி இல்ல அத்தை" என்றாள் பெனிதா. "இழுத்துத் தெருவுல விடுவாங்க. தெரியாதுன்னு அவ நிரூபிக்கறதுக்குள்ள பஸ் பெஞ்சுல இருக்கிற மூஞ்சியில எல்லாம் கறுப்பு மை பூசிடுவாங்க."

தான் கோரினாவுக்காகப் பேசிக்கொண்டிருப்பது வார்த்தை வெளியே வந்த பிறகுதான் அவளுக்கே உறைத்தது. கோரினாவும் திரும்பிப் பார்த்தாள்.

கோரினா காதிலிருந்த தோடுகளைக் கழற்றினாள். ஒவ்வொன்றாக. எலுமிச்சங்கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். "எல்லாத்தையும் சொல்லி விக்கறதுன்னா நான் விக்கறேன். இல்லைன்னா இப்பவே வாசல்ல நட்ட விற்பனைப் பலகையைப் பிடுங்கிக் கார்ல போட்டுக்கிட்டுப் போயிடறேன்."

"சொல்லி வித்தா விலை பாதியாகும்."

"முக்கால்" என்றாள் பெனிதா. "சுவரைச் சரியாச் செஞ்சா அதுக்கு மேலயும் வரும். சிமெண்டை உரிச்சு எடுத்துட்டு மண்ணுப் பூச்சு பூசணும். இந்தக் கோடை முழுக்க வேலை ஆகும்."

"கோடை முழுக்க என்னால காத்துக்கிட்டு இருக்க முடியாது!" மாமியார் மேசையை ஓங்கித் தட்டினாள். எலுமிச்சம்பழம் ஒன்று உருண்டு கீழே விழுந்தது. அவள் குரலில் இப்படியொரு அவசரத்தைப் பெனிதா கேட்டதே இல்லை. மாமனார் போன அன்றைக்குக்கூடச் சவப்பெட்டிக்காரனிடம் பேரம் பேசியவள் இவள்.

"ஏன் அத்தை? யாரு உங்களை விரட்டுறா? இங்க இருங்க. மெதுவா விக்கலாம்."

செனாய்தா தரையில் கிடந்த எலுமிச்சையைப் பார்த்தாள். சுருட்டிய முடியை ஒதுக்கிவிட்டாள். உதட்டை உள்ளே மடித்தாள். எழுபத்தொரு வயதுக் கிழவியின் கன்னம் சிவக்கும் என்று பெனிதாவிடம் யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டாள்.

"நான் அந்த அபார்ட்மெண்டுக்குத் தனியாப் போகல" என்றாள்.

எலுமிச்சையை எடுக்கக் குனிந்த பெனிதா நிமிர்ந்தாள்.

"தனியாப் போகலைன்னா?" என்றாள் கோரினா.

மாமியார் எழுந்து ஜன்னலண்டை போனாள். வெளியே, மரத்து நிழலில், பச்சை நிறப் பழைய பிக்-அப் வண்டியின் இன்ஜின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. ஸ்டியரிங் பின்னால் வைக்கோல் தொப்பி போட்ட ஒருவர். அவர் இவளைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றினார். நரைத்த தலை, நன்றாக வாரியிருந்தது.

"உள்ள வாங்க! இன்னிக்கே பாத்துக்கட்டும். என்னிக்கிருந்தாலும் தெரியப்போறதுதானே" என்று மாமியார் ஜன்னல் வழியே கூவினாள். அந்தக் குரலில் இருந்த குழைவு மருமகள்கள் இருவருக்குமே புதிது.

இன்ஜின் நின்றது. வண்டிக் கதவு திறந்தது.

எலோயிடம் இதை எப்படிச் சொல்வது? அப்பாவின் நாற்காலியில் யாரும் உட்காரக்கூடாது என்று இன்றைக்கும் சொல்கிறவன். கில்பர்ட்? அவன் இன்னும் மோசம். பெனிதாவின் தலைக்குள் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டு மேசை ஒன்று அப்படியே கவிழ்ந்தது.

கோரினா அவள் கையைப் பற்றினாள். "அக்கா," என்று கிசுகிசுத்தாள், "யாரு இவரு?"

பெனிதா அவள் முகத்தை உற்றுப் பார்த்தாள். விழி பிதுங்கி நிற்கிறாளே, நிஜமாகவே தெரியாதா? தோடு கொடுத்து, மிஹா என்று கூப்பிட்டு, வீட்டையே தூக்கிக் கொடுத்த மாமியார் இதைச் சொல்லவில்லையா?

கோரினாவுக்கும் தெரியாது.

கடவுள் மன்னிக்கட்டும், இந்த நாளிலும் பெனிதாவுக்கு அதில் கொஞ்சம் சந்தோஷம்தான்.